வெறும் வேலி

ஸ்கார்வா
26 ஜூன் 1993

அன்புள்ள குன்வோர்,

செய்தித்தாளில் பார்த்திருப்பாய். இருந்தாலும் நான் எழுதுவதுதான் முறை. நானும் போர்கில்டும் உடம்பால் நன்றாகவே இருக்கிறோம். புகையால் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான்.

நம் மரக்கோயில் போய்விட்டது. வியாழக்கிழமை காலை ஐந்து மணி. கோடை என்பதால் அதற்குள்ளேயே வெயில் ஏறியிருந்தது, முதலில் தீயே தெரியவில்லை, கூரைக்கு மேல் காற்று நடுங்குவதுதான் தெரிந்தது. நான் ஓடிச் சேர்ந்தபோது தெற்குச் சுவரில் தார் உருகித் தண்ணீராக இறங்கிக்கொண்டிருந்தது. இறங்கிய தாரும் எரிந்தது. அப்பாவும் பிறகு நானும் வருஷக்கணக்காகப் பூசிய தார். தீயணைப்பு வண்டி வருவதற்குள் மணி கீழே விழுந்துவிட்டது. எண்ணூறு ஆண்டு நின்றது எரிய நாற்பது நிமிடம் போதுமாக இருந்தது. பெஞ்சுகள் ஞாயிறு ஆராதனைக்காக எண்ணெய் பூசிப் பளபளவென்று இருந்தன. ஒருவரும் உட்காரவில்லை.

யார் என்று ஊருக்கே தெரியும். முந்தின நாள் ஏரிக்கரையில் யோவான் திருநாள் தீ வளர்த்தோம். மலைமேல் வீட்டு மோல்ஃப்ரீட் அக்காவின் மகன் ரூவாரை உனக்கு நினைவிருக்கும். இருபத்தாறு வயது, மர அறுவை ஆலையில் வேலை, கறுப்புச் சட்டையைத் தவிர வேறொன்றும் போடமாட்டான். பீர் பாட்டிலோடு என் முன்னால் வந்து நின்றான்.

“என்ன அஸ்லாக் மாமா, இவ்வளவு லேட்டு? உங்க கிழட்டுக் கோயிலைத் தூங்க வெச்சுட்டு வர்றீங்களா?”

“போடா, போய்க் கஞ்சி குடி.”

“இதெல்லாம் ஒரு தீயா மாமா? அங்க மேல கொளுத்தினா பாருங்க, அது தீ!”

இருபது பேர் கேட்டார்கள். சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று போர்கில்ட் சொல்கிறாள். எனக்கு நினைவில்லை.

உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? முடிந்தால் வா.

உன் அண்ணன்
அஸ்லாக்


பெர்கன்
2 ஜூலை 1993

அன்புள்ள அண்ணா,

கடிதம் கிடைத்தது. அண்ணியைக் கோயில் பக்கம் விடாதே. நனைந்த கரியின் புகை நுரையீரலுக்கு ஆகாது. என் முதுகு பழையபடிதான்.

எனக்கு விசுவாசம் என்று பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை, அது உனக்குத் தெரியும். ஆனால் மரத்தின் வயதறிய நான் முதன்முதலில் வளையம் எண்ணியது அந்த வாசல் நிலையில்தான், அப்பா தார் வாளியோடு ஏணியில் நின்றபோது. பல்கலைக்கழகம் என்னையே அனுப்புகிறது. மிச்சத்தை அளந்து, எரிந்த தூண்களில் துண்டு எடுத்து வரவேண்டும். ஆகஸ்டில் வருவேன்.

ஒன்று சொல்ல வேண்டும். கோயிலின் காப்பாளர் நீ, சாவி உன்னிடம்தான். முந்தின நாள் என்ன வேலை செய்தாய், எதை எங்கே வைத்தாய், எத்தனை மணிக்குப் பூட்டினாய் என்று இப்போதே ஒரு தாளில் எழுதி வை. நாளாக ஆக நினைவு தனக்கு வசதியானதை மட்டும் வைத்துக்கொள்ளும். எனக்கும் ஒரு பிரதி அனுப்பு.

வேலை முடிந்ததும் அப்பா எண்ணெய்த் துணிகளை வேலியில் தொங்கவிடுவாரே, செத்த காக்கைகள் மாதிரி. நீ அவற்றைக் காட்டி என்னைப் பயமுறுத்துவாய். ஏனோ இரண்டு நாளாக அதுவே நினைவுக்கு வருகிறது.

அன்புடன்
குன்வோர்


ஸ்கார்வா
19 செப்டம்பர் 1993

அன்புள்ள குன்வோர்,

குளிர் சீக்கிரமே வந்துவிட்டது. நீ ஆகஸ்டில் கொண்டுவந்த மருந்தில் போர்கில்ட் தேறிவிட்டாள். இத்தனை நாள் எழுதாததற்குக் கோபிக்காதே.

ரூவாரைப் பிடித்துவிட்டார்கள். ஆலையில் வைத்து. நான் பலகை வாங்கப் போனவன், பார்த்துக்கொண்டு நின்றேன். போலீஸ் அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார்.

“தம்பி, கோயிலுக்குத் தீ வெச்சது நீயா?”

அவன் சட்டையில் இருந்த மரத்தூளைத் தட்டிக்கொண்டே சிரித்தான். “நான் வேண்டிக்கிட்டேன் சார். பலிச்சுடுச்சு. வாழ்க்கையில முதல் தடவை.”

“விளையாடாத.”

“சரி, நான்தான்னு வெச்சுக்குங்க. பேப்பர்ல பேரை மட்டும் சரியா போடச் சொல்லுங்க.”

மூன்றாம் நாள் தான்தான் தீ வைத்தேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டான். ஒரு வாரம் கழித்து இல்லை என்கிறான். படகுக் கொட்டகையில் குடித்துவிட்டுத் தூங்கினானாம். போன வருஷத்திலிருந்து மற்ற ஊர்களில் கோயிலை எரிப்பவர்களும் இவன் வயதுக்காரர்கள்தான், இதே கறுப்புச் சட்டைதான். செய்யாதவன் கையெழுத்துப் போடுவானா? நீ படித்தவள், சொல்.

மோல்ஃப்ரீட் அக்கா கடைக்கு வருவதையும் நிறுத்திவிட்டார்.

நீ கேட்ட தாளைப் பிறகு எழுதி அனுப்புகிறேன். இப்போது கை கொஞ்சம் நடுங்குகிறது.

அஸ்லாக்


பெர்கன்
3 அக்டோபர் 1993

அன்புள்ள அண்ணா,

கை நடுக்கத்தை டாக்டரிடம் காட்டு. வயது என்று சொல்லித் தள்ளிப்போடாதே, உனக்கு ஐம்பத்தாறுதான்.

நீ கேட்டதற்குப் பதில்: போடுவான். யாரும் திரும்பிப் பார்க்காத இடத்தில் இருபத்தாறு வருஷம் இருந்தவன், எல்லோரும் பார்க்கிறார்கள் என்றால் எதிலும் கையெழுத்துப் போடுவான்.

ஆகஸ்டில் எடுத்த துண்டுகளை அறுத்துப் பார்த்துவிட்டேன். கரி மிக ஆழமாக இறங்கியிருப்பது, அதாவது தீ தொடங்கியது, வடமேற்கு மூலையில், கோயிலைச் சுற்றிப் பலகை அடைத்த வெளிச்சுற்று நடையின் உட்பக்கம், முழங்கால் உயரத்தில். உன் சாமான் பெட்டி இருந்த இடம். கோயிலை எரிக்க வந்தவன் பூட்டிய கதவுக்குள் நுழைந்து, பெட்டிக்குப் பின்னால் குனிந்து எதற்காகத் தீ வைக்கிறான் என்று எனக்கு விளங்கவில்லை.

அதனால் நேராகவே கேட்கிறேன். ஆளிவிதை எண்ணெயில் நனைந்த துணியைக் குவித்து வைத்தால் தானாகவே சூடேறி, எட்டு பத்து மணி நேரத்தில் தானாகவே பற்றும். அப்பா நமக்கு எழுத்துச் சொல்லித்தருவதற்கு முன்னால் சொல்லித்தந்தது இது. துணியை விரித்து வேலியில் போட்ட பிறகுதான் சாப்பிட உட்கார விடுவார். அன்று பெஞ்சுக்கு எண்ணெய் பூசிய துணிகள் வேலியில் இருந்தனவா?

அண்ணிக்கு என் அன்பு.

குன்வோர்


ஸ்கார்வா
12 டிசம்பர் 1993

அன்புள்ள குன்வோர்,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். டாக்டரிடம் போனேன், மாத்திரை கொடுத்திருக்கிறார். வேலியில்தான் இருந்தன. நாற்பது ஆண்டில் ஒரு நாளும் தவறியதில்லை.

நல்ல செய்தி ஒன்று. பழைய அளவிலேயே, பழைய முறையிலேயே திரும்பக் கட்டுவது என்று சபை முடிவு செய்துவிட்டது. தலைமைத் தச்சர் ஷூர். தூண்களுக்கு ஏற்ற பைன் மரம் கிடைக்காது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது மோல்ஃப்ரீட் அக்கா உள்ளே வந்தார். யாரும் எதிர்பார்க்கவில்லை. மேலங்கியைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே சொன்னார்:

“என் மலையில பதினாலு பைன் நிக்குது. என் வீட்டுக்காரர் நுனி வெட்டி விட்டது. எடுத்துக்குங்க.”

“அக்கா, அது உங்க பையனுக்கு வீடு கட்ட வெச்சதில்ல?” என்றார் ஷூர்.

“என் வயித்துல பொறந்தது எரிச்சதை என் மரம் கட்டட்டும்.”

போதகர் ஜெபம் செய்யலாமா என்று கேட்டார். அக்கா அதற்குள் போய்விட்டார்.

அஸ்லாக்


பெர்கன்
20 பிப்ரவரி 1994

அன்புள்ள அண்ணா,

நீதிமன்றத்திலிருந்து நீ பத்திரமாக ஊர் சேர்ந்திருப்பாய். வாசலில் உன்னிடம் பேசாமல் பேருந்துக்குப் போனதற்கு முதுகுவலி காரணமில்லை.

மூன்றரை ஆண்டு. தீர்ப்பு வாசித்தபோது ரூவார் சிரிக்கவில்லை. சட்டை வெள்ளை, யாரோ இரவல் கொடுத்தது, கை நீளம் போதவில்லை.

என்னிடம் மரத்தின் வயதைக் கேட்டார்கள். சொன்னேன். தீ தொடங்கிய மூலை பற்றி என் அறிக்கையில் நாற்பதாம் பக்கத்தில் இருக்கிறது. எந்த அறிக்கையையும் யாரும் நாற்பதாம் பக்கம் வரை படிப்பதில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு இறங்கினேன்.

பிறகு பின்வரிசையில் உட்கார்ந்து, வேலி பற்றி நீ சத்தியம் செய்து சொன்னதையும் கேட்டேன்.

மாத்திரையை விடாதே.

குன்வோர்


ஸ்கார்வா
29 மே 1994

அன்புள்ள குன்வோர்,

உன்னிடமிருந்து மூன்று மாதமாக ஒன்றும் வரவில்லை. நானும் எழுதவில்லை. போர்கில்ட் உன்னை விசாரிக்கிறாள். நீ நலமாக இருக்கிறாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

மரங்களை இறக்கிவிட்டோம். அவற்றை நீ பார்த்திருக்கவேண்டும். ரூவாரின் அப்பா அந்தக் காலத்திலேயே நுனியும் கிளையும் வெட்டிப் பட்டையைச் சீவிவிட்டதால், பிசின் முழுக்க அடிமரத்துக்குள் இறங்கி, நின்றபடியே செத்து இரும்பாகியிருந்தன. ரம்பப் பல் போகிறது என்று ஷூரின் ஆட்கள் திட்டிக்கொண்டே அறுத்தார்கள். வெட்டிய இடத்தில் தேன் நிறம். காடு முழுக்க அந்த வாசனை.

மோல்ஃப்ரீட் அக்கா ஒரு கூஜா காப்பியோடு வந்து எல்லோருக்கும் ஊற்றினார். ஷூர் கிண்டலாக, “ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு கப்பா அக்கா? அப்போ பதினாலு கப் குடிக்கணுமே!” என்றார். அக்காவும் கொஞ்சம் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, நீ அன்னிக்கே அவனை ரெண்டு அறை விட்டிருக்கலாம். ஏரிக்கரையில அப்படிப் பேசினப்பவே. உனக்கு அந்த உரிமை இருந்துச்சு.”

“விடுங்கக்கா.”

“நான் அவனைப் போய்ப் பாக்கலை. பாக்கவும் மாட்டேன். அவங்க அப்பா இருந்திருந்தா இவனைப் பெத்ததுக்கே என்னைக் கேட்டிருப்பாரு.”

கடைசி மரம் சாயும்போது கயிறு என் கையில் இருந்தது. வேறு யாரும் பிடித்திருக்கலாம். நானே கேட்டு வாங்கினேன்.

அஸ்லாக்


பெர்கன்
11 செப்டம்பர் 1994

அன்புள்ள அண்ணா,

நான் நலம். அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

ஷூர் அனுப்பிய, மோல்ஃப்ரீட் அக்காவின் மரத்துண்டு மேசையில் இருக்கிறது. வளையங்களை எண்ணினேன். 1967ஆம் ஆண்டோடு நின்றுவிடுகின்றன. அதற்குப் பிறகு அந்த மரம் ஒரு மயிரிழைகூட வளரவில்லை. ரூவார் பிறந்த ஆண்டு அது.

சிறைக்குப் போய் அவனைப் பார்த்தேன். எனக்கு இதெல்லாம் வராது என்று உனக்குத் தெரியும். என்ன பேசுவது என்று தெரியாமல் ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போனேன்.

“குன்வோர் அத்தை! என்ன, வளையம் எண்ண வந்தீங்களா? இங்க எல்லாரும் நாள்தான் எண்ணுறாங்க.”

“அன்னிக்கு ஏன்டா அப்படிப் பேசினே?”

“எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க அத்தை. அஸ்லாக் மாமாகூட சிரிச்சாரு. அவரு என்னைப் பாத்து சிரிச்சதே கிடையாது.”

பழத்தை உரித்து எனக்குப் பாதி கொடுத்தான். பிறகு கேட்டான். “என் மரத்தை வெட்டிட்டாங்களாமே. நெசமா?”

“ஆமாம்.”

“அம்மா வரவேயில்லை அத்தை. ஒரு தடவைகூட. நான் செய்யலைன்னு நீங்க சொன்னா நம்புவாங்க. நீங்க படிச்சவங்க. சொல்றீங்களா?”

நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. நேரம் முடிந்தது என்றார்கள், எழுந்து வந்துவிட்டேன்.

நான் உன்னிடம் மூன்றாம் முறை கேட்கப்போவதில்லை.

குன்வோர்


ஸ்கார்வா
15 ஜனவரி 1995

அன்புள்ள குன்வோருக்கு,

இதுவரை நான் உனக்குத் தனியாகக் கடிதம் எழுதியதில்லை. என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. எனக்கு மூச்சு பரவாயில்லை. உன் அண்ணனுக்குத்தான் சரியில்லை. உன் செப்டம்பர் கடிதத்துக்குப் பிறகு எட்டு கிலோ இறங்கிவிட்டார். பதில் எழுத உட்காருகிறார், தாளைக் கிழிக்கிறார். சோப்பு போட்டுப் போட்டுக் கை கழுவுகிறார். கையில் எண்ணெய் வாசனை வருகிறதாம். எனக்கு வரவில்லை.

வேலி பற்றி இனி அவருக்கு எழுதாதே. எழுதவேண்டுமென்றால் எனக்கு எழுது. அன்று நான்தான் கோயில் வாசலில் நின்று கூப்பிட்டேன். பாலாடைக் கஞ்சி செய்து வைத்திருந்தேன், ஆறிப்போனால் மேலே நெய் உறைந்துவிடும். “இன்னும் பத்து நிமிஷம்”னார். “உங்க பத்து நிமிஷம் எனக்குத் தெரியாதா, எல்லாரும் ஏரிக்குப் போயாச்சு, அப்படியே போட்டுட்டு வாங்க”ன்னு கத்தினேன். போட்டுவிட்டு வந்தார்.

அந்தப் பையன் இளவயசு. வெளியே வந்து எங்கேயாவது போய்ப் பிழைத்துக்கொள்வான். இவருக்கு இந்தக் கோயிலை விட்டால் என்ன இருக்கிறது? நீ கல்யாணம் செய்துகொள்ளவில்லை, இது உனக்குப் புரியாது என்று சொல்ல வாய் வருகிறது. சொல்லவில்லை.

போர்கில்ட்


ஸ்கார்வா
25 ஜூன் 1995

அன்புள்ள குன்வோர்,

நீ போர்கில்டுக்கும் பதில் போடவில்லை. உன் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று நம்புகிறேன். எனக்கு இப்போது பசிக்கிறது. இரண்டு நாளாகத் தூங்கவும் செய்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

துணிகள் வேலியில் இல்லை.

பதினோரு துணி. கடைசிப் பெஞ்சைத் துடைத்து முடித்தபோது போர்கில்ட் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் சுருட்டிச் சாமான் பெட்டிக்குப் பின்னால் இருந்த காலித் தார்த்தொட்டியில் திணித்தேன். கஞ்சி குடித்ததும் வந்து விரித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஏரிக்கரையில் ரூவார் அப்படிப் பேசினான். கோபத்தை அடக்கிக்கொண்டு சிரித்தேன், பிறகு குடித்தேன், மறந்தேன். காலையில் ஓடும்போதே எனக்குத் தெரியும். உனக்கு முதல் கடிதம் எழுதும்போதும் தெரியும். பிறகு அவன் கையெழுத்துப் போட்டான். ஒருவேளை அவனும் வந்திருப்பானோ என்று நினைக்கத் தொடங்கினேன். சில நாள் அதை நம்பவும் முடிந்தது.

முந்தாநாள் தூண்களை நிறுத்தினோம். அடிக்கட்டைக்கும் கல்லுக்கும் நடுவே ஈரம் ஏறாமல் இருக்க பிர்ச் மரப்பட்டை விரிப்போம், உனக்குத் தெரியும். வடமேற்கு மூலைக்கு வேண்டிய பட்டையை நானே உரித்தேன். அதன் உள்பக்கம் கத்தி முனையால் எழுதினேன்: அஸ்லாக் ஆகிய நான் எண்ணெய்த் துணிகளை விட்டுச் சென்றேன். ரூவார் தீ வைக்கவில்லை. ஷூர் எட்டிப் பார்த்து, “என்னண்ணே, பட்டையில காதல் கடிதமா?” என்றார். எழுத்து கீழே போகும்படி கவிழ்த்து வைத்தேன். அதன்மேல் கட்டை, கட்டையின்மேல் தூண். மோல்ஃப்ரீட் அக்காவின் மரம்.

இனி இந்தக் கோயில் மட்கும்போதோ எரியும்போதோ யாராவது எடுத்துப் படிப்பார்கள். சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன். பாரம் இறங்கிவிட்டது குன்வோர். நீயும் இதை இத்தோடு விட்டுவிடு.

செப்டம்பரில் பிரதிஷ்டை. முதல் வரிசையில் உனக்கும் மோல்ஃப்ரீட் அக்காவுக்கும் இடம் போட்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தைப் படித்ததும் எரித்துவிடு.

உன் அண்ணன்
அஸ்லாக்


பெர்கன்
3 ஜூலை 1995

அன்புள்ள அண்ணா,

நீ சாப்பிடுகிறாய், தூங்குகிறாய் என்பதில் சந்தோஷம். அதை நான் கெடுக்கப்போகிறேன்.

கடிதத்தை எரிக்கவில்லை. இன்று காலை உன் கடிதங்கள் எல்லாவற்றையும், அண்ணியின் கடிதத்தையும், என்னிடம் இருந்த என் நகல்களையும் ஒரே உறையில் போட்டு ரூவாரின் வக்கீலுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். என் அறிக்கையின் நாற்பதாம் பக்கத்தையும் சேர்த்திருக்கிறேன். கூடவே ஒரு புகைப்படம். தீ எரிந்த அன்று காலை எடுத்து, மறுநாள் செய்தித்தாளில் வந்தது. முன்னால் நீ நிற்கிறாய், பின்னால் வடக்கு வேலி. வெயில் பட்டுத் தெளிவாகத் தெரிகிறது. அதில் ஒரு துணியும் இல்லை. வெறும் வேலி.

அந்தப் படம் என் மேசைக்கு மேல் இரண்டு ஆண்டாக ஒட்டியிருந்தது. நீ சத்தியம் செய்த அன்றும் அது அங்கேதான் இருந்தது. நீயாகவே சொல்லவேண்டும் என்று காத்திருந்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அண்ணனைக் காட்டிக்கொடுத்த தங்கை என்று பெயர் வாங்க எனக்கு விருப்பமில்லை. அந்தக் கோயில் எழும்ப வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. இதையும் வக்கீலுக்கு எழுதியிருக்கிறேன். என்னையும் விசாரிப்பார்கள்.

நீ பட்டையில் எழுதியதை நான் பரிகாசம் செய்யவில்லை. ஆனால் அந்தத் தூண் அடுத்த எண்ணூறு ஆண்டு நிற்கலாம். மோல்ஃப்ரீட் அக்காவுக்கு அறுபத்தைந்து வயது. அவர் இன்னும் மகனைப் போய்ப் பார்க்கவில்லை.

அவருக்கும் தனியாக ஒரு கடிதம் எழுதிவிட்டேன், இதே தபாலில். அவன் செய்யவில்லை என்று நான்கு வரி. ரூவார் என்னிடம் கேட்டது அதுதான், பத்து மாதம் தாமதம். மலையிலிருந்து உன் வீட்டுக்கு இறங்க அவருக்கு அரைமணி நேரம் ஆகும்.

மாத்திரையைப் போட்டுக்கொள். அண்ணியின் மூச்சு மருந்து தீரும் முன் வாங்கி வை. எனக்கு ஒன்றுமில்லை, முதுகு மட்டும்தான்.

அக்கா வந்து தட்டினால் அண்ணியை அனுப்பாதே. நீயே போய்த் திற.

உன் தங்கை
குன்வோர்